நீ என்ன அந்த டீம்லயா இருக்க?

போன மாதம் ஒரு போட்டோவை எங்கள் காலேஜ் வாட்ஸப் குழுவில் போட்டுத் தொலைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்கெல்டே ஆற்றங்கரை, பின்னால் ஒரு சரக்குப் படகு, முன்னால் சைக்கிளோடு நான். தலையில் ஹெல்மெட், உடம்பில் நீலக் கலரில் இறுக்கமான ஒரு ஜெர்ஸி. நெஞ்சில் ஒரு கம்பெனி பெயர், வயிற்றில் இன்னொன்று, தோள், கை, முதுகு என்று மொத்தம் பதினொரு கம்பெனிகள். (எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.)

ஐந்து நிமிடத்தில் பதில்கள் வந்து விழுந்தன. "நீ என்ன அந்த டீம்லயா இருக்க?" "மச்சி, சுவர் விளம்பரம் செய்யாதீர்னு முதுகுல எழுதிக்கோ." "தொப்பைக்குத் தனி ஸ்பான்சரா?" கடைசி ஆள் என் ரூம்மேட்டாக இருந்தவன். நான்கு வருடம் என் சோப்பில் குளித்தவன். அவனுக்கு இந்த உரிமை உண்டு.

கிண்டலை விடுங்கள். முதல் கேள்வி நியாயமான கேள்வி. சம்பளம் வாங்கி சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சட்டையை, காசு கொடுத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டிக்கொண்டு, மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போவது எதற்காக? இங்கே வந்த புதிதில் நானும் இதைக் கேட்டுச் சிரித்தவன்தான்.

2023 செப்டம்பரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்தேன். வந்த இரண்டாவது ஞாயிறு ஆற்றங்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது எதிரே இருபது பேர் ஒரே கொத்தாக சைக்கிளில் வந்தார்கள். ஏதோ பந்தயம் நடக்கிறது போல என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் வந்தபோது பார்த்தால் முன்னால் வருகிறவருக்கு வெள்ளைத் தாடி. இரண்டாவது ஆளுக்கு என் மாமாவை விடப் பெரிய வயிறு. அடுத்த அரைமணி நேரத்தில் இப்படி ஏழெட்டுக் கூட்டம். ஊர் முழுக்கப் பந்தய வீரர்கள், பந்தயம்தான் இல்லை.

எங்கள் லேபில் வேலை செய்யும் ஒரு ஃபிளெமிஷ் பெண் அப்படி ஒரு கூட்டத்தில் ஓட்டுகிறவள். "நீயும் வா" என்றாள். குளிர் கொஞ்சம் குறையட்டும் என்று தள்ளிப்போட்டு, பிப்ரவரியில் ஒரு பழைய ரேஸ் சைக்கிள் வாங்கினேன். அடுத்து சட்டை. புது ஜெர்ஸி விலையைப் பார்த்ததும் நேராகப் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டேன். அங்கே ஆறு யூரோவுக்கு ஒன்று மாட்டியது. வெள்ளைச் சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து பட்டை. நம்மூர் தேரில் சுற்றியிருக்கும் துணி மாதிரி பார்க்க லட்சணமாக இருந்தது. கம்பெனி விளம்பரம்கூட அதிகம் இல்லை. அடித்தது யோகம் என்று வாங்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு கூட்டம் சேரும் இடத்துக்குப் போகிற வழியில் இந்த ஊர் மக்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று எனக்குப் புரிந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு தாத்தா நின்று கை தட்டினார். ஒருவர் "டாக், காம்பியூன்!" என்று கத்திவிட்டுப் போனார். நானும் கை ஆட்டினேன். சேரும் இடத்தில் என் லேப் தோழி என்னைப் பார்த்ததும் ஹேண்டில்பார் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். அது உலக சாம்பியனின் சட்டை. தொழில்முறை வீரர்களுக்கான உலக சாம்பியன் பந்தயம் 1927-ல் தொடங்கியது; முதலில் ஜெயித்தவர் இத்தாலியின் ஆல்ஃபிரெடோ பிண்டா. அன்றிலிருந்து ஜெயித்தவர் மட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும், அந்த வானவில் பட்டையைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வருடம் வேறு ஆள் ஜெயித்துவிட்டால் கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்துப் பட்டியிலும் கை ஓரத்திலும் மெல்லிசாக ஒரு வானவில் கோடு மட்டும் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளலாம். பெல்ஜியத்தின் குலதெய்வமான எடி மெர்க்ஸே தொழில்முறையில் மூன்று தடவைதான் அதை ஜெயித்தார். நான் ஆறு யூரோவுக்கு வாங்கியிருந்தேன். யாரோ வாங்கிய பரம்வீர் சக்ராவைப் பழைய சாமான் கடையில் வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் எப்படி இருக்கும், அப்படி. "டாக், காம்பியூன்" என்றால் "வணக்கம், சாம்பியன்" என்று அர்த்தமாம்.

அன்றைக்கு முழுக்க ஏற்றத்தில் நான் பின்தங்கும்போதெல்லாம் "சாம்பியனுக்காக நில்லுங்கள்" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சைக்கிள் உலகத்தில் இதற்கெல்லாம் சட்டதிட்டமே இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெலோமினாட்டி என்று ஒரு குழு, பாதி கிண்டலாகவும் பாதி நிஜமாகவும் சைக்கிள்காரர்களுக்கு விதிகள் எழுதி, புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். அதில் பதினாறாவது விதி சாம்பியன் சட்டைகளையும், பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் சட்டைகளையும் சம்பாதிக்காதவன் தொடக்கூடாது என்கிறது. பதினேழாவது விதி டீம் சட்டை டீமில் இருப்பவனுக்குத்தான் என்கிறது. முதலாவதை முழுசாக ஏற்றுக்கொள்கிறேன், அனுபவம் பேசுகிறது. இரண்டாவதை ஏற்க மாட்டேன். அந்த விதியை மதித்தால் ஃபிளாண்டர்ஸில் பாதிப் பேர் வெற்று உடம்போடுதான் ஓட்ட வேண்டும்.

முதலில் அந்தச் சட்டையில் ஏன் இத்தனை கம்பெனி பெயர் என்று பார்க்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு மைதானம் உண்டு, கேட் உண்டு, டிக்கெட் உண்டு. சைக்கிள் பந்தயம் பொதுச் சாலையில் நடக்கிறது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பந்தயம் உங்களைத் தேடி வரும், காசு கேட்க முடியாது. டி.வி. பணம் பெரும்பாலும் பந்தயம் நடத்துகிறவர்களுக்கே போகிறது. ஆக, டீமுக்குச் சோறு போடுவது விளம்பரதாரர்தான். ஆரம்பத்தில் பியான்கி, பெஜோ மாதிரி சைக்கிள் செய்கிற கம்பெனிகள்தான் டீம் வைத்திருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் மக்கள் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கும் காருக்கும் மாற மாற, அவர்களிடம் பணம் தீர்ந்தது. 1954-ல் ஃபியோரென்சோ மாக்னி என்ற இத்தாலிய வீரர் நீவியா கிரீம் கம்பெனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்று நுழைந்ததுதான். அதன்பின் காபி மெஷின் கம்பெனி, ஐஸ்கிரீம் கம்பெனி, சூயிங்கம் கம்பெனி என்று வரிசையாக வந்தார்கள். மெர்க்ஸ் அதிகம் ஜெயித்தது மோல்டெனி என்ற டீமில். மோல்டெனி என்ன செய்தது? சாஸேஜ். உலகம் கண்ட மிகப் பெரிய சைக்கிள் வீரர் நெஞ்சில் மாமிசக் கடை போர்டைக் கட்டிக்கொண்டுதான் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயித்தார்.

அந்தப் புகழ்பெற்ற மஞ்சள் சட்டை மட்டும் என்ன? 1919-ல் டூர் டி ஃபிரான்ஸ் நடத்திய லோட்டோ பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சடிக்கப்பட்டது. அதனால் முதலிடத்தில் இருப்பவனுக்கு மஞ்சள். முதலில் போட்ட யூஜின் கிறிஸ்தோஃபை வழியில் நின்ற ஜனங்கள் கேனரிக் குருவி என்று கிண்டல் செய்தார்களாம். இத்தாலிப் பந்தயத்தின் இளஞ்சிவப்புச் சட்டையும் இதே கதைதான், அந்தப் பத்திரிகையின் காகிதக் கலர். ஆக, விளம்பரம் நீங்கலாக இந்த விளையாட்டில் புனிதமான துணி என்று அதிகம் மிச்சமில்லை.

இந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன ஊர் சைக்கிள் கிளப்புகளைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அவர்களுக்கும் யூனிஃபார்ம் உண்டு. நெஞ்சில் அந்த ஊர் காபிக் கடை, முதுகில் கூரை போடுகிறவர், தோளில் பேக்கரி. பெரிய டீமைப் பார்த்துச் செய்ததுதான். விளம்பரம் இல்லாத ஜெர்ஸி இங்கே பல பேருக்குப் பாதி தைத்த சட்டை மாதிரித் தோன்றுகிறது.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. சல்லிசாகக் கிடைக்கிறது. சைக்கிள் ஜெர்ஸியை வெறும் டி-ஷர்ட்டை வைத்துச் சமாளிக்க முடியாது. பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரும். ஜெர்ஸி வியர்வையை வெளியே தள்ளும், முன்னால் ஜிப் இருக்கும், முதுகில் இடுப்புக்கு மேலே மூன்று பாக்கெட் இருக்கும், வாழைப்பழம், சாவி, போன் எல்லாம் அதில்தான். இந்த வசதிகளோடு விளம்பரம் எதுவும் இல்லாமல் 'ரசனையான' ஜெர்ஸி வேண்டும் என்றால் ரஃபா மாதிரி கம்பெனிகள் இருக்கின்றன. 2004-ல் லண்டனில் தொடங்கியது. ஒற்றைக் கலர், ஓரமாக ஒரு சின்னக் கோடு, விலை மட்டும் பெரிசு. டீம் சட்டையோ ஒவ்வொரு ஜனவரியும் பழசாகிவிடும். ஒரு ஸ்பான்சர் விலகுவார், இன்னொருவர் வருவார், டீம் பெயரே மாறும், கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட வேண்டும். பெயர் எழுதாத சட்டைக்குப் பணக்காரன் அதிகம் கொடுக்கிறான், பதினொரு பெயர் எழுதிய சட்டை எனக்குக் குறைந்த விலையில் வருகிறது.

என் நீலச் சட்டை அப்படி வந்ததுதான். டெகூனின்க் குவிக்-ஸ்டெப் டீமின் 2021 சட்டை, நான் வாங்கியது 2024 மார்ச்சில், 25 யூரோவுக்கு. குவிக்-ஸ்டெப் என்றால் வீட்டுத் தரைக்குப் பதிக்கும் பலகை. டெகூனின்க் என்றால் பி.வி.சி. ஜன்னல். ஜன்னல் கம்பெனி 2021 முடிவில் டீமை விட்டுப் போய், 2022-லேயே போட்டி டீமோடு சேர்ந்துவிட்டது. ஆக, நான் வாங்கியபோது என் நெஞ்சில் இருந்த இரண்டு பெயரும் எதிரெதிர்க் கட்சியாக இருந்தன. கூட்டணி உடைந்த பிறகும் சுவரில் அழியாமல் இருக்குமே தேர்தல் விளம்பரம், அது நான்.

ஆனால் இதெல்லாம் சொல்லியும் அசல் கேள்விக்குப் பதில் வரவில்லை. விலை குறைவு என்பதற்காக வாங்கினேன், சரி. போட்டுக்கொண்டபோது ஏன் முதுகு தானாக நிமிர்ந்தது?

சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையோடு எத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள்? எல்லா முதுகிலும் 7. அதில் ஒருவரையாவது மேட்சுக்கு முதல் நாள் கூப்பிட்டு, "இந்தாப்பா, இதே பிட்ச், இதே ஸ்டம்ப், நீயும் பத்து ஓவர் ஆடிப் பாரு" என்று சொல்வார்களா? கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்தான் நாம். சைக்கிளில் சொல்கிறார்கள். ஃபிளாண்டர்ஸ் டூர் பந்தயம் ஏப்ரலை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அதே ஏற்றங்களில் பொதுமக்கள் ஓட்டலாம். 16,000 பேர் வரை அனுமதி. அவுடெனார்டே ஊரைச் சுற்றி, தொழில்முறை வீரர்கள் மறுநாள் மிதிக்கப் போகிற அதே கல்லை நீங்கள் முதல் நாள் மிதிக்கலாம்.

2024 மார்ச் 30, சனிக்கிழமை நானும் மிதித்தேன். குறைந்த தூரப் பிரிவுதான், அதற்கே நாக்குத் தள்ளிவிட்டது. கொப்பன்பெர்க் என்று ஒரு ஏற்றம். நீளம் வெறும் 600 மீட்டர். இதையா இவ்வளவு பேசுகிறார்கள் என்று போய் நின்றேன். இரண்டு பக்கமும் மண் மேடு, நடுவில் குறுகலான பாதை, அதில் உருண்டை உருண்டையாகக் கருங்கல் பாவியிருக்கிறது. இந்தக் கற்களுக்கு ஃபிளெமிஷில் 'குழந்தைத் தலைகள்' என்று பெயர். செங்குத்தான இடத்தில் ஏற்றம் 22 சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனால் 22 மீட்டர் மேலே ஏற வேண்டும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்குகிறது, உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் எழும்புகிறது. நம்ம மலைக்கோட்டைக்குப் படி வெட்டியவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. 1987 பந்தயத்தில் ஜெஸ்பர் ஸ்கிபி என்ற டேனிஷ் வீரர் இங்கே விழ, பின்னால் வந்த பந்தய அதிகாரியின் கார் அவர் சைக்கிள் மேலேயே ஏறிப் போனது. அதற்கப்புறம் 2002 வரை இந்த ஏற்றத்தைப் பந்தயத்திலேயே சேர்க்கவில்லை.

எனக்கு முன்னால் போனவர் சட்டென்று நின்றார். நான் நின்றேன். நின்றால் அவ்வளவுதான், மறுபடி ஏற முடியாது. கால் கிளிப்பைக் கழற்றி, தள்ளிக்கொண்டு நடந்தேன். சாதாரணச் சட்டையில் நடந்திருந்தால் ஒன்றுமில்லை. டீம் சட்டையில் நடப்பதற்குத் தனி வெட்கம் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் பார்த்தேன். என்னைப் போலவே இன்னும் முப்பது நாற்பது பேர், பளபளவென்று எல்லா டீம் சட்டையும் இருந்தது, எல்லோரும் சைக்கிளை மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு நடந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. அதே கொப்பன்பெர்க் ஓரத்தில், அதே மண் மேட்டில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். மழை. கல்லெல்லாம் சேறு. பந்தயம் முடிய இன்னும் சுமார் 45 கிலோமீட்டர் இருக்கும்போது வந்தார்கள். முதலில் வந்தவர் மத்தியூ வான் டெர் பூல். 2023-ல் கிளாஸ்கோவில் உலக சாம்பியன் ஆனவர். அவர் உடம்பில் இருந்தது வானவில் சட்டை. வெள்ளைத் துணியில் அதே ஐந்து பட்டை, சேறு அடித்து. உட்கார்ந்தபடி, சிரமம் இருக்கிறது ஆனால் சந்தேகம் இல்லை என்பது மாதிரி மேலே போய்விட்டார். பின்னால் ஓரிருவர் எப்படியோ ஏறினார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்கள் வழுக்கி, ஒருவர் மேல் ஒருவர் நின்று, இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டும் தள்ளிக்கொண்டும் நடக்க ஆரம்பித்தார்கள். உலகத்தின் மிகச் சிறந்த சைக்கிள் வீரர்கள், நான் முதல் நாள் நடந்த அதே இடத்தில், அதே மாதிரி காலை அகட்டி வைத்து நடந்தார்கள்.

பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. பலர் முதல் நாள் அங்கே நடந்தவர்களாக இருந்திருப்பார்கள். வான் டெர் பூல் அன்றைக்குத் தனியாகவே போய் மூன்றாவது தடவையாக ஜெயித்தார். நான் அறைக்கு வந்து பழைய சாமான் கடை வெள்ளைச் சட்டையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தேன். அதற்கப்புறம் போடவில்லை. நீலத்தைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. டீம் சட்டை போடுகிறவன் 'நானும் அவனும் ஒன்று' என்று சொல்லவில்லை. அவனுக்கும் தனக்கும் எத்தனை தூரம் என்று தொடைத் தசையில் அளந்து வைத்திருக்கிறான்.

எங்கள் ஞாயிறு கூட்டத்தில் எல்லை தாண்டி நெதர்லாந்திலிருந்து வருகிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் உண்டு. அவர் போடுவது ரபோபேங்க் டீமின் ஆரஞ்சுச் சட்டை. வெளுத்து, ஆரஞ்சு இப்போது பழைய செங்கல் நிறம். அந்த டீம் இப்போது அந்தப் பெயரில் இல்லை. 2007 டூர் டி ஃபிரான்ஸில் அதன் வீரர் மிக்கேல் ராஸ்முசன் மஞ்சள் சட்டையில் இருக்கும்போதே, பயிற்சி செய்த இடத்தைப் பற்றிப் பொய் சொன்னார் என்று டீமே வீட்டுக்கு அனுப்பியது. 2012-ல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்து ஏழு பட்டங்களும் பறிபோனபோது, இந்த விளையாட்டு திருந்தும் என்ற நம்பிக்கை இல்லை என்று வங்கி விலகிக்கொண்டது. மறுவருடம் கொஞ்ச காலம் அந்த டீம் பிளாங்கோ என்ற பெயரில் ஓடியது. அப்படியென்றால் வெற்று, காலி இடம்.

"இவ்வளவு நடந்தும் ஏன் இதைப் போடுகிறீர்கள்?" என்று ஒருநாள் காபிக் கடையில் கேட்டேன்.

"என் சேமிப்புக் கணக்கு இன்னும் அங்கேதானே இருக்கிறது" என்றார். சிரித்துவிட்டு, காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "பொய் சொன்னது அவர்கள். இந்தச் சட்டையில் நான் ஏறிய ஏற்றமெல்லாம் நானே ஏறியது." பிறகு, "உங்கள் நாட்டில் என்ன கம்பெனி சட்டை போடுவீர்கள்?" என்று கேட்டார்.

சி.எஸ்.கே. என்றேன். 2008-ல் அந்த டீமை ஏலம் எடுத்தது இந்தியா சிமென்ட்ஸ், ஒரு சிமென்ட் கம்பெனி, என்று பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோதே பேச்சு நின்றுபோனது. சிமென்ட் என்று சொன்னதும் வேறொரு சட்டை ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பா கொத்தனார். எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம், சுற்றிலும் சிமென்ட் ஆலைகள். வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்காரர்கள் மேஸ்திரி, கொத்தனார்களையெல்லாம் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, தங்கள் சிமென்ட்டைப் பற்றிப் பேசி, பிரியாணி போட்டு, ஆளுக்கொரு பனியன் கொடுப்பார்கள். நெஞ்சில் கம்பெனி பெயர், முதுகில் மூட்டை படம். 2014-ல் என்னை இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் சேர்க்கக் கிளம்பிய காலையில் அப்பா அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"வேற சட்டை போட்டுக்கப்பா."

"இதுக்கு என்னடா? புதுசு. இன்னும் தண்ணியிலயே போடல."

நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். காலேஜ் வாசலில் கார்கள், இன் பண்ணிய சட்டையோடு அப்பாக்கள். எங்கள் அப்பா டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீ போய் பீஸ் கட்டிட்டு வா, நான் இங்கயே வேப்பமரத்தடியில நிக்கிறேன்" என்றார். இரண்டு மணி நேரம் நின்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை. இதை இந்த ஆசிரியரிடம் சொல்லவில்லை. என் ரூம்மேட்டிடமும் இதுவரை சொன்னதில்லை, இங்கே படித்துத் தெரிந்துகொள்வான்.

அந்த வார வீடியோ காலில் நான் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்த கோலத்தில் இருந்தேன். அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"என்ன கம்பெனிடா அது?"

"தரைக்குப் பதிக்கிற பலகை செய்யிற கம்பெனிப்பா. இன்னொண்ணு ஜன்னல்."

"அட, நம்ம லைன்தான். எவ்வளவு குடுத்தான்?"

"அவன் குடுக்கலப்பா, நான்தான் 25 யூரோ குடுத்தேன். ரெண்டாயிரத்து சொச்சம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "இங்க பாரு, உன் புள்ள காசு குடுத்துக் கம்பெனி பனியன் வாங்கியிருக்கான்" என்று சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "மீட்டிங்குக்குக் கூப்பிடலியா? பிரியாணியாவது போட்டானா?"

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இன்னொரு நீலச் சட்டை வாங்கிக்கொண்டு போனேன். அதே டீம், அதே பழைய சரக்கு, கடைசியாக மிஞ்சியிருந்த சின்ன சைஸ். இந்தச் சட்டைகள் பந்தய வீரர்களின் உடம்புக்கு அளவெடுத்தவை. எங்கள் ஞாயிறு கூட்டத்தில் யாருக்கும் ஒழுங்காகப் பொருந்தியதில்லை, வயிறு எங்காவது முட்டும். முப்பது வருடம் சாரம் ஏறி இறங்கிய அப்பாவுக்குத் தைத்தது போல உட்கார்ந்தது. லுங்கிக்கு மேல் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். பின்னால் பாக்கெட் இருக்கிறது என்றதும் கையை முதுகுக்குக் கொண்டுபோய்த் தடவினார்.

மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார். ஹேண்டில்பாரில் கரண்டியும் மணியாஸ் கட்டையும் இருக்கிற பை. முதுகு பாக்கெட்டில் ரசமட்டத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் தூக்குக்குண்டு, மூன்றாவதில் பொடி டப்பா. வாசலில் நின்று பார்த்தேன். தெரு திரும்புகிற வரைக்கும் நேராகவே உட்கார்ந்து ஓட்டினார், எங்களை மாதிரி குனியவில்லை.

சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாக்கெட்ட பின்னாடி வச்சுட்டான், பொடி எடுக்கணும்னா கை வலிக்குது."

"சைட்ல என்னப்பா சொன்னாங்க?"

"எந்த சிமென்ட்டு கம்பெனி, எப்ப மீட்டிங் நடந்துச்சு, எங்கள ஏன் கூப்பிடலன்னு சண்டைக்கு வர்றானுங்க. பெல்ஜியத்துல நடந்துச்சு, நான் மட்டும் போயிட்டு வந்தேன்னு சொல்லிட்டேன்."